பொழுதும் புள்ளும்: மலை ஊசியிலைக் காடுகளில் பருவம்சார் பறவைக் கள ஆய்வு – கொங்கு மண்டலத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கோபிசெட்டிபாளையத்து வயல்களுக்குப் பாயும் பவானி ஆறு நீலகிரியின் மேட்டுநிலத்தில் பிறக்கிறது. அம்மேட்டுநிலத்தின் புல்வெளிகளில் கணிசமான பகுதி கடந்த நூற்றாண்டில் பைன், சீகை, தைலமரம் ஆகிய அயல் மரங்களின் தோப்பாக மாறியது. இத்தோப்புகளை அகற்றுவதா, விட்டுவைப்பதா என்னும் கேள்வி இன்று நிருவாகத்தின் முன் நிற்கிறது. விடை காண்பதற்குப் பறவைகள் ஒரு முதன்மைச் சான்று. ஆயினும் பறவைச் சான்று பருவத்துக்குப் பருவம் மாறும் இயல்புடையது. ஆண்டின் ஒரு பருவத்தில் மட்டும் எடுத்த கணக்கு எவ்வாறு பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும் என்பதையும், ஆறு பெரும்பொழுதுகளையும் தழுவிய கள ஆய்வு ஏன் தேவை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: ஊசியிலைக் காடு, சோலை, மலைப் புல்வெளி, வலசை, பெரும்பொழுது, கண்டறி நிகழ்தகவு, நீலகிரி, பவானி.

1. முன்னுரை

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், புள்ளையும் மரத்தையும் விலங்கையும் கருப்பொருள் என்றும் வகுத்தது தமிழ் இலக்கண மரபு. முதற்பொருள் இரண்டும் சேர்ந்தே கருப்பொருளுக்கு இடம் தருகின்றன. ஒரு பறவை எங்கே உள்ளது என்ற கேள்வியோடு எப்பொழுது உள்ளது என்ற கேள்வியும் இணைந்தே எழ வேண்டும் என்பது இப்பகுப்பில் அடங்கியிருக்கிறது. அகத்திணை மரபு இலக்கியத்துக்கு உரியது. அதனை அறிவியல் நூலாகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் நிலமும் பொழுதும் பிரியாதவை என்ற அதன் அடிப்படை, இன்றைய களப் பறவையியலின் அடிப்படையோடு ஒத்துப்போகிறது.

மலை ஊசியிலைக் காடுகளைப் பொறுத்தவரை இவ்விணைப்பு மேலும் இன்றியமையாதது. இமயத்தின் தேவதாரு, பைன் காடுகளில் கோடையில் கூடுகட்டும் சிறு பறவைகள் பல, குளிர்காலத்தைத் தென்னிந்திய மலைகளில் கழிக்கின்றன. தென்னிந்திய மலைகளிலோ மனிதர் நட்ட ஊசியிலைத் தோப்புகள் பரந்துள்ளன. இவ்விரு உண்மைகளும் சந்திக்கும் இடமாகக் கொங்கு மண்டலத்தின் மேற்கு மலைகள் அமைந்துள்ளன.

2. ஆய்வுக் களம்: வயலிலிருந்து மேட்டுநிலம் வரை

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தின் நெல்வயல்கள் கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களால் பாசனம் பெறுகின்றன. கொடிவேரிக்கு மேற்கே பவானிசாகர் நீர்த்தேக்கம் உள்ளது. அங்கே மாயாறு பவானியோடு கலக்கிறது. இரு ஆறுகளும் நீலகிரி மலையின் நீரைக் கொண்டுவருகின்றன. ஆகவே மேட்டுநிலத்தின் புல்லும் சோலையும் கோபி வட்டாரத்து உழவரோடு நேரடித் தொடர்புடையவை.

இந்நீர்வழியில் மேல்நோக்கிச் சென்றால் காட்டின் இயல்பு படிப்படியாக மாறுவதைக் காணலாம். கோபிக்கு வடக்கேயும் வடமேற்கேயும் நிற்கும் சத்தியமங்கலம் மலைகளில் முட்புதர்க் காடும் இலையுதிர்க் காடும் மிகுதி. சுமார் 1,400 சதுர கிலோமீட்டர் பரப்புடைய சத்தியமங்கலம் வனப்பகுதி 2013ஆம் ஆண்டு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இங்கு ஊசியிலைக் காடு இயல்பாக இல்லை. ஊசியிலை மரங்களைக் காண நீலகிரியின் உயர்ந்த மேட்டுநிலத்துக்கு, உதகை, தலைக்குந்தா, அவலாஞ்சி, மேல்பவானி வட்டாரங்களுக்குச் செல்ல வேண்டும்.

அங்குள்ள இயற்கை நிலத்தோற்றம் இரு கூறுகளால் ஆனது. பள்ளத்தாக்குகளின் மடிப்புகளில் குட்டையான, அடர்ந்த, என்றும் பசுமையான மரக்கூட்டம் நிற்கும், அதுவே சோலை. சோலைகளுக்கிடையே சரிவுகளிலும் முகடுகளிலும் புல்வெளி விரிந்திருக்கும். இவ்விரண்டும் அருகருகே இருப்பினும் அவற்றில் வாழும் பறவைக் கூட்டங்கள் பெரிதும் வேறுபட்டவை. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் வாதத்துக்கு அச்சாணி.

3. தென்னிந்தியாவின் ஊசியிலைக் காடு: இயல்பும் வரவும்

தென்னிந்திய மலைகளுக்கு இயல்பாக உரிய ஊசியிலைத் தாவரத் தொகுதியைச் சேர்ந்த மரம் ஒன்றே ஒன்று. அது நகேயியா வல்லிச்சியானா என்ற இனம். முன்னர்ப் போடோகார்ப்பஸ் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. தொகுதியின் பெயருக்கு மாறாக அதன் இலை ஊசிபோல் இராமல் அகன்றிருக்கும். மழைக்காடுகளில் பிற மரங்களோடு கலந்து நிற்கும் அம்மரம் தனிக் காடாக அமைவதில்லை.

இன்று உதகையிலும் கொடைக்கானலிலும் பைன் காடு எனச் சுற்றுலாப் பயணியர் கண்டுமகிழ்வது நட்டு வளர்த்த தோப்பு. பிரித்தானியர் ஆட்சியில் தொடங்கிய அயல் மர நடவு, விடுதலைக்குப் பின்னரும் விறகு, தோல் பதனிடும் சாயப்பட்டை, காகிதக்கூழ் ஆகிய தேவைகளுக்காகத் தொடர்ந்தது. அக்காலத்தில் புல்வெளி தரிசாகக் கருதப்பட்டதால் நடவுக்கு முதலில் தேர்வானது அதுவே.

இம்மாற்றத்தின் அளவைச் செயற்கைக்கோள் படங்கள் வெளிப்படுத்துகின்றன. பழனி மலைகளில் 1973க்கும் 2014க்கும் இடைப்பட்ட காலத்தை ஆராய்ந்து அரசுமணி முதலானோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, மலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மறைந்ததைக் காட்டியது. அதே காலத்தில் மரத்தோப்புகளின் பரப்பு 18 சதுர கிலோமீட்டரிலிருந்து 217 சதுர கிலோமீட்டராகப் பெருகியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைத் தீவுகள் முழுவதையும் எடுத்துக்கொண்ட அவர்களது அடுத்த ஆய்வு, 2017 வரையிலான ஏறத்தாழ நாற்பதாண்டுகளில் சுமார் 340 சதுர கிலோமீட்டர் புல்வெளி, அதாவது 23 விழுக்காடு, அயல் மரங்களிடம் சென்றதைக் கணக்கிட்டது. நடவு நின்ற பின்னும் சீகையும் பைனும் தாமே விதை பரப்பிப் புல்வெளிக்குள் நுழைவது இவ்விழப்புக்கு ஒரு காரணம்.

4. மூவகைப் பறவைகள்

இந்நிலத்தோற்றத்தின் பறவைகளை, தோப்புகளைக் குறித்த முடிவுக்கு உதவும் வகையில் மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, புல்வெளிக்கு உரியவை. நீலகிரி நெட்டைக்காலி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இப்பறவை, தரையில் நடந்து பூச்சி தேடும், தரையிலேயே கூடுகட்டும். இதன் பரவலை நிலத்தின் உயரமும் நிலத்தோற்ற மாற்றமும் தீர்மானிப்பதை 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு நிறுவியது. மரம் நிழல் கவிந்த இடத்தில் இதற்கு வாழ்வில்லை.

இரண்டாவது, சோலைக்கு உரியவை. நீலகிரிச் சிரிப்பான், கறுப்பும் செம்மஞ்சளும் கலந்த ஈப்பிடிப்பான், நீலகிரிக் காட்டுப்புறா, நீலகிரிச் சோலைக்கிளி ஆகியவை இவ்வகையின. சோலைக்கிளி என்பது கிளியினம் அன்று. சோலையின் தரைமட்டத்தில் இருளில் உலவும் சிறு நீலப்பறவை. மரபணு, உருவம், பாட்டு ஆகியவற்றை ஒப்பிட்ட ராபின் முதலானோர் 2017இல் இப்பறவைகளுக்கு ‘சோலிகோலா’ என்னும் புதிய பேரினத்தை நிறுவினர். கோவைக்கு மேற்கே உள்ள பாலக்காட்டுக் கணவாய் வடக்கு, தெற்கு மலைகளைப் பிரிக்கிறது. அதன் வடக்கே ஓர் இனமும் தெற்கே வேறோர் இனமும் வாழ்கின்றன. கொங்கு மண்டலத்தின் காற்றுவழியாக அறியப்பட்ட கணவாய், பறவை இனங்களின் எல்லையாகவும் விளங்குகிறது.

மூன்றாவது, வலசை வருபவை. டைட்லர் இலைக் கதிர்க்குருவி வடமேற்கு இமயத்தின் ஊசியிலைக் காடுகளில் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தை மேற்குத் தொடர்ச்சி மலையில் கழிக்கிறது. காஷ்மீரிலும் அதனை அடுத்த மலைகளிலும் கூடுகட்டும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் நீலகிரிக்கும் இலங்கை மலைகளுக்கும் வருகிறது. பச்சைக் கதிர்க்குருவி சமவெளி வரை இறங்குவதால் கோபி வட்டாரத்துப் புளியமரங்களிலும் வேம்பிலும் அதன் குரலைக் குளிர்காலத்தில் கேட்கலாம்.

5. ஒரு மாதம், இரு பருவம்: களத்தின் நாட்காட்டி

கள ஆய்வாளர் ஆண்டைப் பகுக்கும் முறைக்கும் தமிழ் மரபின் ஆறு பெரும்பொழுதுகளுக்கும் நெருங்கிய பொருத்தம் உண்டு.

*கார் (ஆவணி, புரட்டாசி):* தென்மேற்குப் பருவமழை மெல்லத் தணிகிறது. வலசைப் பறவைகளின் முதல் அணி வந்து சேர்கிறது. மூடுபனியும் ஈரமும் கண்ணால் காணும் கணக்கைத் தடுக்கும். தானியங்கி ஒலிப்பதிவுக் கருவிகள் உதவும்.

*கூதிர் (ஐப்பசி, கார்த்திகை):* வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர் பக்கக் கிழக்குச் சரிவுகளை நனைக்கிறது. வலசைப் பறவைகள் குளிர்காலத்துக்கான இரை தேடும் இடங்களில் நிலைகொள்கின்றன.

*முன்பனி (மார்கழி, தை):* மேட்டுநிலப் பள்ளங்களில் உறைபனி படிகிறது. வானம் தெளிந்து, பாதைகள் உலர்ந்து, களப்பணிக்கு எளிதான காலம் இதுவே. 2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்திவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இப்பருவத்தில் நிகழ்கிறது.

*பின்பனி (மாசி, பங்குனி):* சோலைப் பறவைகள் பாடத் தொடங்குகின்றன. வலசைப் பறவைகள் நெடும்பயணத்துக்குக் கொழுப்பைச் சேமிக்கின்றன. காய்ந்த புல்லிலும் பைன் சருகிலும் தீ எழும் அச்சம் மிகுந்த காலமும் இதுவே. சில பகுதிகளுக்குள் செல்ல இசைவு கிடைப்பது அரிதாகும்.

*இளவேனில் (சித்திரை, வைகாசி):* வலசைப் பறவைகள் சென்றுவிட்டன. மலையிலேயே வாழும் இனங்களின் கூடு, முட்டை, குஞ்சு ஆகியவற்றைக் காணத் தக்க காலம்.

*முதுவேனில் (ஆனி, ஆடி):* கோபிசெட்டிபாளையம் மழைமறைவில் வறண்ட காற்று வீசும் நாள்களில், நீலகிரியின் மேற்கு விளிம்பில் மழை கொட்டுகிறது. பெயரால் முதுவேனில், மலையில் அது கார்.

இறுதியாகச் சொன்ன முரண் கவனத்துக்குரியது. இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள தொலைவு சிறிது. ஆயினும் பருவம் வேறு. சமவெளி நாட்காட்டியை அப்படியே மலைக்குப் பொருத்தினால் பறவைகளின் இனப்பெருக்கக் காலமும் களப்பணிக் காலமும் பொருந்தாமல் போகும். எனவே பருவம் என்பதை மாதப் பெயரால் கொள்ளாமல், அந்தந்தக் களத்தின் மழை, வெப்பம், பறவையின் நடத்தை ஆகியவற்றால் வரையறுப்பதே ஆய்வு நெறி.

6. காணாமையும் இல்லாமையும்

மலைக்காட்டில் பறவை கணக்கிடப் பரவலாகக் கையாளப்படும் முறை புள்ளிக் கணக்கெடுப்பு. ஆய்வாளர் முன்னரே குறித்த இடத்தில் நின்று, குறித்த நிமிடங்களுக்குள் கண்ட, கேட்ட பறவைகளையும் அவற்றின் தொலைவையும் பதிவுசெய்வார். எளிய முறையாயினும் இதில் ஒரு பொறி உண்டு. பறவை பதிவாகாமல் போவதற்கு இரு காரணங்கள் இருக்கலாம்: அது அங்கு இல்லை, அல்லது இருந்தும் புலப்படவில்லை. முதலாவது இல்லாமை, இரண்டாவது காணாமை. இரண்டையும் பிரித்தறிய ஒரே இடத்துக்கு மீண்டும் மீண்டும் செல்ல வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கால் இதனை விளக்கலாம். ஒரு சோலைப் பறவை பாடும் பருவத்தில், ஒரு வருகையில் அது புலப்படும் வாய்ப்பு 0.4 எனக் கொள்வோம். மூன்று வருகைகளிலும் அது தவறிப்போகும் வாய்ப்பு 0.6 × 0.6 × 0.6, அதாவது சுமார் 0.22. பாடாத பருவத்தில் புலப்படும் வாய்ப்பு 0.2ஆகக் குறைந்தால், மூன்று வருகைகளிலும் தவறும் வாய்ப்பு சுமார் 0.51. அப்பறவை வாழும் இடங்களுள் ஏறத்தாழப் பாதியில் அது இல்லை என்ற பிழையான பதிவே எஞ்சும். தவறும் வாய்ப்பை 0.05க்குக் கீழே கொண்டுவர முதல் நிலையில் 6 வருகைகள் போதும். இரண்டாம் நிலையில் 14 வருகைகள் தேவை. பருவத் தேர்வு என்பது வசதியைப் பொறுத்த செய்தி அன்று. முடிவின் நம்பகத்தன்மையையே அது நிர்ணயிக்கிறது.

காட்டின் அமைப்பும் இக்கணக்கில் புகுகிறது. பைன் தோப்பின் கீழ்த்தளம் பெரும்பாலும் வெறுமையாக இருப்பதால் பறவை தொலைவிலிருந்தே கண்ணில் படும். சோலையின் உள்ளே சில மீட்டர்களுக்கு அப்பால் பார்வை செல்லாது, காதே துணை. இரு இடங்களின் எண்ணிக்கையையும் திருத்தமின்றி ஒப்பிட்டால் பைன் தோப்பின் மதிப்பு உயர்ந்தும் சோலையின் மதிப்பு தாழ்ந்தும் தோன்றும். பறவை நின்ற தொலைவைப் பதிவுசெய்வது இப்பிழையைக் குறைக்கும்.

7. முன்னோர் களப்பணி தரும் பாடம்

தென்னிந்திய மலைப்பறவைகள் பற்றிய நிலைத்த அறிவு, பருவங்களைக் கடந்து களத்தில் தங்கியவர்களால் உருவானது. வங்கதேசத்தைச் சேர்ந்த முகம்மது அலி ரேசா கான் 1970களில் சாலிம் அலியின் வழிகாட்டுதலில் கறுப்பு–செம்மஞ்சள் ஈப்பிடிப்பானின் வாழ்வியலை ஆராய்ந்தார். கோவை ஆனைகட்டியில் 1990இல் தொடங்கப்பட்ட சாலிம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையத்தைச் சார்ந்து சோமசுந்தரமும் லலிதா விஜயனும் பழனி மலைச் சோலைப் பறவைகளின் இரைதேடும் முறைகளையும் நீலகிரிக் காட்டுப்புறாவின் உணவையும் ஆராய்ந்தனர். ஜாரி, ரஹ்மானி ஆகியோர் காஷ்மீர் ஈப்பிடிப்பானின் குளிர்கால வாழ்வு குறித்து எழுதினர்.

வலசைப் பறவைகளை இரு முனைகளிலும் பின்தொடர்ந்த பணியும் உண்டு. டிரெவர் பிரைஸ் காஷ்மீர் மலைகளில் வெவ்வேறு உயரங்களில் கூடுகட்டும் எட்டு இலைக் கதிர்க்குருவி இனங்களை ஒப்பிட்டு 1991இல் கட்டுரை வெளியிட்டார். அவரும் மதுசூதன் கட்டியும் இணைந்து, தமிழ்நாட்டின் முண்டந்துறைப் பகுதியில் குளிர்காலம் கழிக்கும் பச்சைக் கதிர்க்குருவியின் கொழுப்புச் சேமிப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறுவதை ஆராய்ந்து 1999இல் வெளியிட்டனர். இமயத்துக் காட்டின் பறவை எண்ணிக்கையை விளங்கிக்கொள்ளத் தமிழ்நாட்டுக் காட்டின் குளிர்கால நிலையையும் அறிய வேண்டும் என்பது இத்தகைய ஆய்வுகளின் உட்பொருள்.

8. தோப்புகளின் எதிர்காலமும் பறவைச் சான்றும்

அயல் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது. அதனைச் செயற்படுத்தும்போது எத்தோப்பை முதலில் அகற்றுவது, அகற்றியபின் அங்கே எதனை எதிர்பார்ப்பது என்ற கேள்விகள் எழும். பருவம்சார் பறவை ஆய்வு இங்கு மூன்று வகையில் துணைசெய்யும்.

ஒன்று: புல்வெளி விளிம்பில் உள்ள பைன் தோப்பில் முன்பனிக்காலத்தில் கதிர்க்குருவிகள் பல பதிவாகலாம். அவ்வெண்ணிக்கையைக் கொண்டு தோப்பு வளமானது எனக் கருதுவது பிழை. மரமுள்ள பல இடங்களிலும் இரை தேட வல்ல பறவைகள் அவை. அதே இடத்தில் இருந்து விரட்டப்பட்ட நெட்டைக்காலிக்கோ மாற்றிடம் இல்லை. இளவேனில் கணக்கே இவ்விழப்பை வெளிப்படுத்தும்.

இரண்டு: பழந்தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமே முளைத்து வளர்ந்துள்ளன. கொடைக்கானல் அருகே வட்டக்கானலில் பணியாற்றிய பாதுகாப்பு ஆர்வலர்கள் இம்மறுவளர்ச்சியை நெடுங்காலமாக எடுத்துக்காட்டி வந்தனர். பழந்தின்னிப் பறவைகளின் எச்சத்தின் வழியே சோலை விதை தோப்புக்குள் வருகிறது. இத்தகைய இடத்தில் சோலைப் பறவைகள் இரை தேடுவதோடு நில்லாமல் கூடும் கட்டுகின்றனவா என்பதை அறிந்த பின்னரே கோடரியை எடுக்க வேண்டும். கூட்டைத் தேடும் பணிக்குப் பின்பனியும் இளவேனிலும் உரியவை.

மூன்று: மரம் அகற்றிய இடம் உடனே புல்வெளி ஆவதில்லை. சீகை விதை மண்ணில் பல்லாண்டு உறங்கிப் பின் முளைக்கும். வேறு களைகளும் புகும். அகற்றுவதற்கு முன்னும் பின்னும் அதே புள்ளிகளில், அதே பருவங்களில் எடுத்த கணக்கு மட்டுமே மீட்சி நிகழ்ந்ததா என்று கூறவல்லது. முன்னது முன்பனியிலும் பின்னது இளவேனிலிலும் எடுக்கப்பட்டால், பருவத்தால் வந்த மாற்றம் எது, மீட்புப் பணியால் வந்த மாற்றம் எது எனப் பிரித்தறிய இயலாது.

நடைமுறைத் தடைகளும் உள்ளன. ஆய்வுத் திட்டங்களின் நிதி பல வேளைகளில் பருவச் சுழற்சியோடு ஒத்துப்போவதில்லை. மாணவர் ஆய்வேடுகள் தேர்வு நாட்காட்டியைச் சார்ந்துள்ளன. விடியற்காலையில் யானையும் காட்டெருமையும் நடமாடும் பாதையில் வனத்துறை இசைவும் வேட்டைத் தடுப்புக் காவலரின் துணையும் இன்றிச் செல்வது தகாது. மலையில் ஆண்டு முழுவதும் வாழும் தோடர், கோத்தர், இருளர், குறும்பர் ஆகிய மக்களின் பருவ அறிவு, வெளியிலிருந்து வந்து செல்லும் ஆய்வாளரால் நிரப்ப இயலாத இடைவெளியை நிரப்பும். அவர்களை வழிகாட்டிகள் என்ற அளவில் நிறுத்தாமல் பதிவாளர்களாகவும் இணைத்தால், மழைக்கால மாதங்களிலும் கணக்கு தொடரும்.

9. முடிவுரை

தமிழ்நாட்டு மலைகளின் ஊசியிலைக் காடு மனிதரின் ஆக்கம். அதன் எதிர்காலத்தையும் மனிதரே முடிவுசெய்ய வேண்டியுள்ளது. அம்முடிவுக்குப் பறவைகளைச் சான்றாக அழைக்கும்போது, அவை ஆண்டு முழுவதும் ஒரே சான்றை அளிப்பதில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். முன்பனியில் தோப்பு நிறைந்து தோன்றலாம். இளவேனிலில் அது வெறுமையாக இருக்கலாம். சில பழந்தோப்புகளில் இதற்கு மாறாகவும் நிகழலாம். ஆறு பருவங்களிலும் பகுத்தெடுத்த கணக்கு ஒவ்வொரு தோப்புக்கும் தனித்தனி விடையைத் தரும். எல்லாவற்றையும் வெட்டுவது, எல்லாவற்றையும் காப்பது என்ற இரு முனைகளிலிருந்தும் அது காக்கும்.

கோவை, ஈரோடு மாவட்டங்களின் கல்லூரிகள் இப்பணிக்கு ஏற்ற இடத்தில் அமைந்துள்ளன. சமவெளி வயல், சத்தியமங்கலத்து இலையுதிர்க் காடு, நீலகிரிச் சோலை, பைன் தோப்பு, புல்வெளி ஆகிய அனைத்தும் பவானியின் ஒரே நீர்வழியில் அடுத்தடுத்து உள்ளன. இவற்றில் நிலையான புள்ளிகளை வரையறுத்துப் பருவந்தோறும் ஒரே முறையில் கணக்கெடுக்கும் நெடுங்காலத் திட்டம் தொடங்கப்படின், அயல் மரங்களை அகற்றும் பணிக்கு உறுதியான அடிப்படை கிடைக்கும்.